கொல்லி ஈஸ்ட்

கொல்லி ஈஸ்ட் என்பது தன்னைச் சுற்றியுள்ள பிற ஈஸ்ட் செல்களைக் கொல்லும் நச்சுப்புரதத்தைச் சுரக்கும் ஈஸ்ட் வகையாகும். ஈஸ்ட் தமிழில் மதுவம் என்றும் அழைக்கப்படுகிறது. நஞ்சைச் சுரக்கும் செல் தன் நஞ்சால் பாதிக்கப்படுவதில்லை. இந்த நச்சுப்புரதங்கள் மனிதருக்கோ கால்நடைகளுக்கோ தீங்கு செய்வதாக அறியப்படவில்லை; பெரும்பாலும் ஈஸ்ட்டுகளையும் அவற்றுக்கு நெருங்கிய பூஞ்சைகளையுமே இவை தாக்குகின்றன. திராட்சை மதுத் தயாரிப்பு, உணவுப் பாதுகாப்பு, பயிர் நோய்க் கட்டுப்பாடு, மருத்துவ ஆய்வு ஆகிய துறைகளில் இவற்றுக்குப் பயன் தேடப்பட்டு வருகிறது.

உயிரித் தொழில்நுட்பத்துக்கு இவற்றால் கிடைத்த மிகப் பெரிய பயன் நஞ்சிலிருந்து வரவில்லை. நஞ்சை ஈஸ்ட் எவ்வாறு வெட்டிச் சீராக்கி வெளியே அனுப்புகிறது என்ற ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அந்த அறிவைச் சார்ந்த ஈஸ்ட் இன்சுலின் தொழில், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லை ஊரான ஜூஜுவாடியைத் தாண்டி வடக்கே செல்லும் ஓசூர் சாலையில் நடைபெறுகிறது.

கண்டறிதல்

கொல்லும் தன்மையை 1963-இல் பெவன், மேக்கோவர் ஆகியோர் முதன்முதலில் விவரித்தனர். ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட்டின் சில வகைகளை ஒன்றாகக் கலந்து வளர்த்தபோது ஒரு வகை மற்றொன்றைக் கொன்றது. இதைக் கொண்டு அவர்கள் ஈஸ்ட்டுகளை மூன்றாகப் பிரித்தனர்: கொல்பவை, கொல்லப்படுபவை, இரண்டிலும் சேராத நடுநிலை வகை. மது ஈஸ்ட் விற்பவர்கள் இன்றும் தங்கள் பொட்டலங்களில் இதே பாகுபாட்டைக் குறிப்பிடுகின்றனர்.

கொல்லி ஈஸ்ட்டை அடையாளம் காணும் சோதனை எளியது. கல்லூரி ஆய்வகம் ஒன்றிலேயே செய்யலாம். பி.எச். அளவு 4.5-ஐ ஒட்டி அமிலமாக்கிய அகார் தட்டில் மெத்திலீன் நீலச் சாயம் கலக்கப்படுகிறது. அதன்மேல் நஞ்சுக்கு இலக்காகும் ஈஸ்ட் மெல்லிய படலமாகப் பரப்பப்பட்டு, நடுவில் சோதிக்க வேண்டிய ஈஸ்ட் வைக்கப்படுகிறது. அது கொல்லியாக இருந்தால் சுற்றிலும் வளர்ச்சியற்ற வெற்று வட்டம் தோன்றும். உயிருள்ள செல் சாயத்தை நிறமற்றதாக்கிவிடும், இறந்த செல்லால் அது முடியாது. ஆகவே வட்டத்தின் விளிம்பில் நீலக் கோடு தெரியும். தட்டை 20 முதல் 25 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். வெப்பம் கூடினால் வட்டம் சுருங்கும் அல்லது தோன்றவே தோன்றாது. பின்னால் வரும் பல ஏமாற்றங்களுக்கு இந்தச் சிறிய நிபந்தனையே காரணம்.

நஞ்சின் உரிமையாளர்

கொல்லும் தன்மை தாய் செல்லிலிருந்து சேய் செல்லுக்கு மெண்டலின் விதிப்படி செல்லவில்லை. கருவுக்குள் இருக்கும் குரோமோசோமில் நஞ்சுக்கான மரபணு இல்லை என்பதே இதன் பொருள். 1973-இல் கொல்லி செல்களுக்குள் ஈரிழை ஆர்.என்.ஏ. கொண்ட வைரஸ் துகள்கள் இருப்பது தெரியவந்தது. நஞ்சு உண்மையில் வைரஸின் சரக்கு.

இங்கே இரண்டு வைரஸ்கள் கூட்டாக வாழ்கின்றன. எல்-ஏ என்ற பெரிய வைரஸ் உறையையும் நகலெடுக்கும் நொதியையும் செய்து தருகிறது. எம் எனப்படும் சிறிய துணை வைரஸிடம் நஞ்சுக்கான குறிப்பு மட்டுமே உள்ளது. உறைக்கும் நகலெடுப்புக்கும் அது எல்-ஏ-யை நம்பியிருக்கிறது. பிற வைரஸ்களைப் போல இவை செல்லை உடைத்துக்கொண்டு வெளியே போவதில்லை. செல் அரும்பு விடும்போதும், இரு செல்கள் இணையும்போதும் மட்டுமே அடுத்த செல்லுக்குப் போகின்றன.

ஈஸ்ட் இந்த வைரஸை ஏன் துரத்தவில்லை? பல உயிரினங்கள் ஈரிழை ஆர்.என்.ஏ.-வைக் கண்டால் துண்டாடும் ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்ற காவல் முறையை வைத்திருக்கின்றன. சாக்கரோமைசிஸ் செரிவிசியேயிடம் அது இல்லை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தக் காவல் முறையை அந்த ஈஸ்ட்டில் மீண்டும் புகுத்தியபோது கொல்லி வைரஸ் அழிந்தது. காவல் முறையை இழந்த பூஞ்சை இனங்களிலேயே கொல்லி வைரஸ்கள் காணப்படுவதும் அதில் தெரியவந்தது. வைரஸை வீட்டில் வைத்துக்கொள்வதால் அண்டை அயலாரை அழிக்கும் ஆயுதம் கிடைக்கிறது. அதற்கு விலையாகக் காவலைக் கைவிட்டிருக்கிறது என்று இதற்கு விளக்கம் கூறப்படுகிறது.

எல்லாக் கொல்லி ஈஸ்ட்டுகளும் வைரஸை நம்பியிருப்பதில்லை. பாலில் வாழும் குளுவெரோமைசிஸ் லாக்டிஸ் தன் நஞ்சுக்கான மரபணுக்களை நீள்வடிவ டி.என்.ஏ. பிளாஸ்மிட்டுகளில் வைத்திருக்கிறது. விக்கர்ஹாமோமைசிஸ் அனோமலஸ் போன்றவற்றில் குரோமோசோமிலேயே உள்ளது. இந்தக் கடைசி இனம் பழைய நூல்களில் பிக்கியா அனோமலா என்ற பெயரில் காணப்படும். இன்சுலின் தொழிற்சாலையில் பயன்படும் பிக்கியா பாஸ்டோரிஸுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு இனங்கள்.

கொல்லும் விதம்

மிக விரிவாக ஆராயப்பட்டது கே1 நஞ்சு. ஆல்ஃபா, பீட்டா என்ற இரு சிறு புரதத் துண்டுகள் கந்தகப் பிணைப்பால் கோக்கப்பட்டு உருவானது இது. முதலில் இலக்குச் செல்லின் சுவரில் உள்ள பீட்டா-1,6-குளுக்கான் என்ற சர்க்கரைத் தொடரில் ஒட்டுகிறது. பிறகு உள்ளேயுள்ள சவ்வை அடைந்து அதில் துளை போன்ற பாதையை ஏற்படுத்துகிறது. பொட்டாசியம் உள்ளிட்ட அயனிகள் கசிய, செல் சாகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காத கதைதான்.

கே28 வேறு வழியில் செல்கிறது. சுவரின் மேனோபுரதத்தில் ஒட்டி, செல்லுக்குள் விழுங்கப்பட்டு, புரதங்கள் வெளியே போகும் பாதையில் எதிர்த்திசையில் பயணம் செய்து, கருவை அடைந்து டி.என்.ஏ. உருவாக்கத்தை நிறுத்துகிறது. குளுவெரோமைசிஸ் லாக்டிஸின் சைமோசின் என்ற நஞ்சு இலக்குச் செல்லின் டி.ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி, புரத உற்பத்தியையே முடக்குகிறது. இந்தச் செயல்முறை 2005-இல்தான் தெளிவானது.

கே1 நஞ்சு பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையில், மிதமான குளிரில் நன்கு வேலை செய்கிறது. நடுநிலைப் பி.எச்.-இலோ மனித உடலின் 37 பாகை வெப்பத்திலோ விரைவில் செயலிழக்கிறது. கொல்லி ஈஸ்ட்டையே உயர்ந்த வெப்பநிலையில் வளர்த்தால் சில தலைமுறைகளில் எம் வைரஸை இழந்து கொல்லும் தன்மையை விட்டுவிடும். ஆய்வகங்களில் வைரஸை நீக்குவதற்கு இதையே ஒரு வழியாகப் பயன்படுத்துகின்றனர்.

மதுத் தொழிலில்

கொல்லி ஈஸ்ட் முதலில் தொழில்துறையின் கண்ணில் பட்டது எதிரியாகத்தான். பிரிட்டனில் தொடர்முறை நொதிகலன்களில் பீர் தயாரித்தபோது வெளியிலிருந்து புகுந்த ஈஸ்ட் வகைகள் ஆலையின் ஈஸ்ட்டைக் கொல்வது 1973-இல் பதிவு செய்யப்பட்டது. பீர் ஈஸ்ட்டுகள் பொதுவாக நஞ்சுக்கு இலக்காகும் வகையைச் சேர்ந்தவை. கொல்லி செல்கள் சிறு எண்ணிக்கையில் நுழைந்தாலே கலன் முழுவதையும் பிடித்துக்கொண்டு பீரின் சுவையைக் கெடுத்துவிடும்.

எதிரியின் ஆயுதத்தையே நம் ஈஸ்ட்டுக்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் விரைவில் வந்தது. கருக்கள் கலக்காமல் செல்சாறு மட்டும் கலக்கும்படி இரு ஈஸ்ட்டுகளை இணைத்து, 1980-களில் பீர் ஈஸ்ட்டுக்குக் கொல்லும் தன்மை ஏற்றப்பட்டது. ஜப்பானில் சாக்கே ஈஸ்ட்டிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன.

வெற்றி பெற்ற இடம் திராட்சை மது. திராட்சைச் சாறு இயல்பாகவே அமிலமானது, குளிர்ந்த கலன்களில் நொதிப்பது, தோலில் காட்டு ஈஸ்ட்டுகளோடு வருவது. கே2 என்ற நஞ்சு திராட்சைச் சாற்றின் கூடுதல் அமிலத்தன்மையிலும் தாக்குப்பிடிக்கிறது. பிரான்சின் மோன்பெலியேயில் தேர்வு செய்யப்பட்ட கே1-வி1116 என்ற வணிக ஈஸ்ட்டின் பெயரிலேயே கொல்லித் தன்மை குறிக்கப்பட்டுள்ளது. உலகெங்கும் விற்கும் ஈ.சி.-1118-உம் கொல்லி வகையே. ஆனால் கொல்லி ஈஸ்ட்டைச் சேர்த்துவிட்டாலே சாறு தூய்மையாகிவிடும் என்று கொள்ள முடியாது. இந்த நஞ்சுகள் முதன்மையாகத் தம் இனத்தையே தாக்குபவை. மதுவைக் கெடுக்கும் வேறு இன ஈஸ்ட்டுகள் பலவும் பாக்டீரியாக்களும் தப்பிவிடும். நஞ்சுக்கு இலக்காகும் ஈஸ்ட்டைத் தொடக்கமாக இட்ட கலனில் காட்டுக் கொல்லி புகுந்து நொதித்தல் பாதியில் நிற்பதைத் தவிர்ப்பதே இதன் உண்மையான நன்மை.

கெக்ஸ்2: நஞ்சிலிருந்து கிடைத்த கத்தரி

வைரஸ் நஞ்சுக்கான குறிப்பைக் கொடுத்தாலும், அதை முழுமையாக்குவது ஈஸ்ட்டின் சொந்த இயந்திரங்கள்தாம். கே1 முதலில் 316 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீண்ட சங்கிலியாக உருவாகிறது. அதன் முன்பகுதி ஒரு முகவரிச் சீட்டு போன்றது. சங்கிலியைச் செல்லின் ஏற்றுமதிப் பாதையில் சேர்க்கிறது. வழியில் நடுப்பகுதி வெட்டி நீக்கப்பட்டு, ஆல்ஃபாவும் பீட்டாவும் இணைந்த நஞ்சு மட்டும் வெளியேறுகிறது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய ரீட் விக்னர், வைரஸ் இருந்தும் நஞ்சு வெளிவராத ஈஸ்ட் திரிபுகளை 1970-களில் தேடினார். அவை கொல்லவில்லை, ஆனால் நஞ்சை எதிர்த்து நின்றன. பழுது வைரஸில் இல்லை, குரோமோசோமில் உள்ள இரு மரபணுக்களில் இருந்தது. கொல்லும் தன்மையின் வெளிப்பாட்டுக்குத் தேவையானவை என்பதால் அவற்றுக்கு கெக்ஸ்1, கெக்ஸ்2 என்று பெயர் வந்தது.

1976-இல் லைபோவிட்சும் விக்னரும் இன்னொன்றைக் கவனித்தனர். கெக்ஸ்2 பழுதான ஆல்ஃபா பால் வகை ஈஸ்ட்டுகளால் இணைசேரவும் முடியவில்லை. நஞ்சுக்கும் இணைசேர்தலுக்கும் என்ன தொடர்பு? ஆல்ஃபா வகை ஈஸ்ட் தன் துணையை அழைக்க 13 அமினோ அமிலம் கொண்ட ஆல்ஃபா காரணி என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. அதுவும் நீண்ட சங்கிலியாக, ஒரே சரத்தில் நான்கு பிரதிகளாகப் பிறந்து பின்னர் வெட்டப்படுவது. வெட்டும் இடங்களில் எல்லாம் லைசின், ஆர்ஜினின் என்ற இரு அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த இணைக்குப் பின்னால் வெட்டும் கத்தரிதான் கெக்ஸ்2 என்ற நொதி. 1984-இல் ஜெரமி தார்னரின் குழு இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது.

மறுபக்கம், மனித உடலில் ஒரு பழைய புதிர் விடையின்றிக் கிடந்தது. கணையம் இன்சுலினை நேரடியாகச் செய்வதில்லை, புரோஇன்சுலின் என்ற நீண்ட சங்கிலியாகச் செய்து வெட்டுகிறது என்பதை சிகாகோவின் டொனால்ட் ஸ்டைனர் 1967-இல் காட்டினார். வெட்டும் இடங்களில் அங்கும் லைசின்-ஆர்ஜினின், ஆர்ஜினின்-ஆர்ஜினின் இணைகளே நின்றன. ஆனால் வெட்டும் நொதி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிடிபடவில்லை. கெக்ஸ்2-வின் வரிசை தெரிந்தபின் அதன் சாயலுள்ள மரபணுக்களை மனித செல்களில் தேட முடிந்தது. ஃபியூரின் என்ற மனிதப் புரதம் கெக்ஸ்2-வின் உறவு என்பது 1989-90 வாக்கில் உறுதியானது. 1990-இல் ஸ்டைனரின் குழு உள்ளிட்டோர் புரோஇன்சுலினை வெட்டும் நொதிகளையும் அதே குடும்பத்தில் கண்டனர். ஈஸ்ட் அண்டை செல்லைக் கொல்லப் பயன்படுத்தும் கத்தரியும், மனித கணையம் இன்சுலினைச் சீராக்கும் கத்தரியும் ஒரே குலத்தவை. கோவிட்-19 வைரஸின் கூர்முனைப் புரதத்தை வெட்டுவதாகப் பின்னாளில் செய்திகளில் அடிபட்ட ஃபியூரினும் இதே குலம்தான்.

ஜூஜுவாடிக்கு வடக்கே

ஜூஜுவாடி ஓசூர் மாநகராட்சியின் வடமேற்கு விளிம்பில், தேசிய நெடுஞ்சாலை 44-இல் தமிழ்நாடு முடியும் இடத்தில் உள்ளது. எல்லைச் சோதனைச் சாவடியும், சரக்கு லாரிகளின் வரிசையும், ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டையும் இவ்வூரின் அடையாளங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கடைத்தெருவில் ஒலிக்கும். எல்லையைத் தாண்டியதும் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அங்கிருந்து சந்தாபுரா, பொம்மசந்திரா, ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டி என்று ஓசூர் சாலையின் தொழிற்பகுதிகள் தொடர்கின்றன. ஓசூர்ப் பக்கத்திலிருந்து நாள்தோறும் ஏராளமானோர் இந்த வழியில் வேலைக்குச் செல்கின்றனர்.

ஜூஜுவாடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் அடங்கும் இந்தச் சாலைப் பகுதியில்தான் பயோகான் நிறுவனத்தின் வளாகங்கள் உள்ளன. கிரண் மஜும்தார்-ஷா 1978-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம் இது. அவர் ஆஸ்திரேலியாவில் பீர் தயாரிப்பைப் பயின்றவர். பெண் என்பதால் இந்திய பீர் ஆலைகளில் அந்தப் பணி கிடைக்கவில்லை. நிறுவனத்தின் முதல் சரக்குகளும் மதுத் தொழிலை ஒட்டியவையே: பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் நொதியும், பீரைத் தெளிவாக்கும் மீன் பசையும். ஈஸ்ட்டை நொதிகலனில் வளர்க்கும் கைப்பழக்கம் பின்னர் மருந்துக்குத் திரும்பியது.

2004-இல் பயோகான் பிக்கியா பாஸ்டோரிஸ் ஈஸ்ட்டில் தயாரித்த மனித இன்சுலினை இன்சுஜென் என்ற பெயரில் வெளியிட்டது. இதற்கு முந்தைய ஆண்டு வொக்கார்ட் நிறுவனம் ஹான்செனுலா பாலிமார்ஃபா என்ற மற்றொரு ஈஸ்ட்டில் தயாரித்த இன்சுலினை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அதுவரை இந்தியாவில் மரபணு மாற்று மனித இன்சுலின் வெளிநாட்டு நிறுவனங்களின் சரக்காகவே இருந்தது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்த ஆய்வை ஒருங்கிணைத்தது. அவர்கள் எல்லோருக்கும் ஊசி தேவையில்லை. தேவைப்படுபவருக்கோ அது ஒரு நாள்கூட நிற்கக் கூடாத மருந்து.

பிக்கியா பாஸ்டோரிஸ் கொல்லி ஈஸ்ட் அல்ல. மெத்தனாலைத் தின்று வாழக்கூடிய இந்த ஈஸ்ட்டை 1970-களில் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் கால்நடைத் தீவனத்துக்கான புரதமாக வளர்க்க முயன்றது. அந்தத் திட்டம் கைகூடவில்லை. ஆனால் மெத்தனாலைக் கண்டதும் வலுவாக இயங்கும் அதன் மரபணுப் பொத்தான், வேண்டிய புரதத்தைப் பெருமளவில் செய்விக்கும் கருவியாயிற்று.

புரதம் செல்லுக்குள்ளேயே தங்கினால் செல்லை உடைத்து ஆயிரக்கணக்கான பிற புரதங்களிலிருந்து பிரிக்க வேண்டும். வெளியே சுரந்தால் வேலை பெரிதும் குறைகிறது. ஈஸ்ட்டில் இன்சுலின் சுரக்கவைக்கும் வழக்கமான முறையில், இன்சுலின் முன்னோடிச் சங்கிலியின் தலையில் ஆல்ஃபா காரணியின் முகவரிச் சீட்டு ஒட்டப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் லைசின்-ஆர்ஜினின் இணை வைக்கப்படுகிறது. ஏற்றுமதிப் பாதையில் போகும்போது பிக்கியாவின் சொந்த கெக்ஸ்2 நொதி அந்த இடத்தில் வெட்டிச் சீட்டைக் கழற்றிவிட, இன்சுலின் முன்னோடி நொதிகலனின் நீருக்குள் வந்து சேர்கிறது. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1980-களில் ரொட்டி ஈஸ்ட்டில் இதே உத்தியைக் கையாண்டது. மனித உடலில் உள்ள நீண்ட இணைப்புத் துண்டுக்குப் பதிலாக மிகக் குட்டையான ஒன்றை இட்டால் ஈஸ்ட்டில் விளைச்சல் கூடுவதும் அப்போது தெரிந்தது. பின்னர் டிரிப்சின் நொதியைக் கொண்டு அந்தக் குட்டை இணைப்பும் நீக்கப்பட்டு, தூய்மைப்படுத்தும் படிகள் தொடர்கின்றன.

வெட்டு சரியாக விழுவதில்தான் தொழிலின் லாப நட்டம் இருக்கிறது. கெக்ஸ்2 போதாமல் போனால் சீட்டின் மிச்சம் ஒட்டிய குறைச்சரக்கு கலந்துவரும். அதைப் பிரித்தெடுப்பது செலவு. ஆகவே கெக்ஸ்2-வைக் கூடுதலாகச் சுரக்கவைப்பதும், வெட்டும் இடத்தைச் சுற்றி அமினோ அமிலங்களை மாற்றியமைப்பதும் இத்துறையில் அன்றாட ஆய்வுப் பொருள்களாக உள்ளன. ஐதராபாத்தின் பயாலஜிக்கல் ஈ நிறுவனம் தயாரித்த கோர்பேவாக்ஸ் என்ற கோவிட் தடுப்பூசியின் புரதமும் பிக்கியாவில் சுரக்கவைக்கப்பட்டதே.

கொல்லி நஞ்சின் சொந்த முகவரிச் சீட்டையும் பயன்படுத்த முடியும். ஜெர்மனியில் மன்ஃபிரெட் ஷ்மிட்டின் குழு கே28 நஞ்சின் தலைப்பகுதியை ஒளிரும் பச்சைப் புரதத்துடன் ஒட்டி, பிக்கியா பாஸ்டோரிஸ் உள்பட நான்கு வகை ஈஸ்ட்டுகள் அதை நன்கு வெளியேற்றுவதை 2004-இல் காட்டியது.

பூவும் பழமும்

ஓசூர் வட்டாரம் ரோஜாவுக்குப் பெயர்பெற்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தின் குளிர்ச்சியில், பசுமைக் குடில்களில் வளரும் பூக்கள் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. அவற்றைக் கெடுக்கும் நோய்களில் ஒன்று போட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழமும் மாங்கூழ் ஆலைகளும் அதிகம். அங்கே பறித்த பழத்தில் கரும்புள்ளி விழச் செய்வது ஆந்த்ராக்னோஸ் நோய். இவற்றுக்கு ரசாயன மருந்தின் எச்சம் இல்லாத மாற்று தேடுபவர்கள் கொல்லி ஈஸ்ட் என்ற பெயரைக் கேட்டதும் ஆர்வம் கொள்வது இயல்பு.

விக்கர்ஹாமோமைசிஸ் அனோமலஸ், டெபாரியோமைசிஸ் ஹான்செனியை போன்ற கொல்லி இனங்கள் அறுவடைக்குப் பிந்தைய பூஞ்சைகளை ஆய்வகத்தில் அடக்குவது உண்மை. பெல்ஜியத்தில் ஆப்பிளின் சாம்பல் பூஞ்சைக்கு எதிராக முதலாவது இனத்தின் ஒரு வகை விரிவாக ஆராயப்பட்டது. அங்கே முக்கியமாக வேலை செய்தது பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் குளுக்கனேஸ் நொதி. இதுவரை வணிகத்துக்கு வந்த பழப் பாதுகாப்பு ஈஸ்ட்டுகள் பெரும்பாலும் நஞ்சால் வெல்பவை அல்ல. பழத்தின் காயத்தில் முந்திக்கொண்டு குடியேறி, சர்க்கரையையும் இரும்புச்சத்தையும் தின்றுவிட்டுப் பூஞ்சையைப் பட்டினி போடுவதே அவற்றின் வழி. மே, ஜூன் மாத மாம்பழக் கிடங்கின் வெப்பத்தில் கே1 போன்ற நஞ்சு தாங்காது. ஆகவே கொல்லி ஈஸ்ட் என்ற பெயரோடு விற்கப்படும் எந்தத் தெளிப்பு மருந்தைப் பற்றியும், எந்த வெப்பத்தில், எந்தப் பூஞ்சையின்மீது சோதித்தார்கள் என்று விவசாயி கேட்பது நியாயம்.

பயிருக்குள்ளேயே நஞ்சை வைக்கும் முயற்சியும் நடந்தது. மக்காச்சோளக் கரிப்பூட்டை நோயை உண்டாக்கும் உஸ்டிலாகோ மேடிஸ் என்ற பூஞ்சையிலும் கொல்லி வைரஸ்கள் உள்ளன. அதன் கேபி4 நஞ்சுக்கான மரபணுவைக் கோதுமையில் சேர்த்து, சூரிச்சின் ஈ.டி.எச். ஆய்வாளர்கள் 2004-இல் லிண்டாவ் என்ற இடத்தில் கடும் எதிர்ப்புக்கிடையே சிறு கள ஆய்வு நடத்தினர். இந்தக் கோதுமை சாகுபடிக்கு வரவில்லை.

தயிர், பாலாடைக்கட்டி போன்றவற்றில் கெடுக்கும் ஈஸ்ட்டை அடக்க வில்லியாப்சிஸ் சாட்டர்னஸ் என்ற கொல்லி இனம் சோதிக்கப்பட்டுள்ளது. இவை அமிலமானவை, குளிரில் வைக்கப்படுபவை. நஞ்சுக்கு ஏற்ற சூழல் என்று பார்த்தால் மாங்கிடங்கைவிடத் தயிர்ப் பானையே பொருத்தம்.

மருத்துவத்தில்

கேண்டிடா அல்பிகான்ஸ் மனிதருக்கு நோய் தரும் ஈஸ்ட். மருத்துவமனையில் பல நோயாளிகளுக்கு ஒரே மூலத்திலிருந்து தொற்று பரவியதா என்று அறிய, ஒவ்வொரு நோயாளியின் கேண்டிடாவும் எந்தெந்தக் கொல்லி ஈஸ்ட்டுகளுக்கு இறக்கிறது என்று பார்க்கும் முறையை இத்தாலியின் லூசியானோ பொலோனெல்லி குழு 1983-இல் வெளியிட்டது. டி.என்.ஏ. கைரேகை முறைகள் பரவலாகும் முன் செலவு குறைந்த உத்தியாக இது பயன்பட்டது.

நஞ்சையே மருந்தாக ஊசி போட முடியாது. உடல் வெப்பத்திலும் இரத்தத்தின் பி.எச்.-இலும் அது நிலைக்காது. வேற்றுப் புரதம் என்பதால் நோயெதிர்ப்பு அமைப்பும் அதைத் தாக்கும். பொலோனெல்லி குழு இதைச் சுற்றிப்போக ஒரு வழி கண்டது. நஞ்சின் வடிவத்தை அச்சாகப் பிரதிபலிக்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்கி, அவற்றிலிருந்து பத்து அமினோ அமிலம் மட்டுமே கொண்ட கொல்லிப் பெப்டைடு ஒன்றை வடித்தெடுத்தது. ஆய்வகத்திலும் விலங்குகளிலும் அது பூஞ்சையைத் தாக்கியது. மருந்துக்கடை வரை வரவில்லை.

மற்றொரு திசை கொசு. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவின் உடலில் விக்கர்ஹாமோமைசிஸ் அனோமலஸ் வாழ்கிறது. மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் இந்தக் கொசுவுக்குச் சென்னையும் பழகிய ஊர். கொசுவிலிருந்து பிரித்த அந்த ஈஸ்ட் வகையின் கொல்லி நஞ்சு, எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கையைச் சோதனைக் குழாயில் கொன்றதாக இத்தாலிய ஆய்வாளர்கள் 2016-இல் தெரிவித்தனர். கொசுவின் குடல் மனித உடலைப் போல 37 பாகையில் இருப்பதில்லை என்பது இந்த வழிக்குச் சாதகம். ஈஸ்ட்டைக் கொசுக்களிடையே பரப்பி, ஒட்டுண்ணி அதன் குடலைத் தாண்டும் முன்பே அழிப்பது இந்த ஆய்வின் நோக்கம். மனித மலேரியா ஒட்டுண்ணியில், திறந்த வெளியில் இதைச் செய்து காட்டும் வேலை மீதமிருக்கிறது.